சிமெண்ட் கப்பலின் மேல்

மகள் வீட்டுக்கு வந்திருந்த நான்கு முறையும் பாய்லர்காரர் கடற்கரைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. வீட்டிலிருந்து கடல் பத்து நிமிட நடைதான். மனைவியும் மகளும் மாலையில் மணலில் காலாறப் போய் வருவார்கள். இவர் மட்டும் முதுகு வலி என்பார், செருப்பு கடிக்கிறது என்பார், கடைசியில் வீட்டுக் குழாய்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பாய்லர் பார்க்கிற வேலை. அதனால் குழாய், வால்வு என்றால் அவருக்குக் கை சும்மா இருக்காது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குழாயைத் திருகி மூடினால் மூன்று முறை தொட்டுப் பார்ப்பார். வாசல்வரை போய்த் திரும்பி வந்து நான்காம் முறையும் தொடுவார்.

ஐந்தாம் முறை மாப்பிள்ளை விடவில்லை.

மாப்பிள்ளைக்கு பைக் ரிப்பேர் கடை. ஆறு நாளும் கிரீஸில் குளித்துவிட்டு ஞாயிறு வந்தால் கடலுக்கு ஓடிவிடுகிற ஆள். வீட்டு ஹாலில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் தூண்டில் ராடுகள் சாய்ந்திருந்தன. "கல்யாணம் பண்ணினது என்னையா அந்தக் குச்சிங்களையான்னு எனக்கே சந்தேகமா இருக்குப்பா," என்று மகள் போனில் அடிக்கடி சொல்வாள்.

"நாளைக்கு நீங்களும் வர்றீங்க மாமா. படகுல இடம் சொல்லிட்டேன்," என்றார் மாப்பிள்ளை. "சும்மா கரையில நின்னு வீசுறது இல்ல. முழுகின கப்பல் மேல."

பாய்லர்காரர் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார். "எந்தக் கப்பல்?"

"இந்தக் கரையில மூணு கிடக்குது. காத்தையும் ஓட்டத்தையும் பாத்துட்டுப் படகுக்காரர் எதுக்கு விடுறாரோ அதுக்கு."

மூன்றில் ஒன்று. மற்ற இரண்டில் ஒன்றாக இருந்துவிட்டால் தப்பித்தோம் என்று அவர் மனம் அப்போதே கணக்குப் போட்டது. முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மாப்பிள்ளை இதுவரை வாய்விட்டு எதையும் கேட்டதில்லை. தவிர, மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "போய்ட்டுதான் வாங்களேன், இந்த வீட்டுக் குழாய் எங்கயும் ஓடிப்போயிடாது," என்று சொல்லிவிட்டாள்.

மாப்பிள்ளை தரையில் ஒரு பழைய துணியை விரித்துச் சாமான்களைப் பரப்பினார். ரீலில் இருந்தது பின்னல் நூல். மெல்லியது, ஆனால் ஒரு ஆளையே தூக்கும். அதன் நுனியில் இரண்டு ஆள் நீளத்துக்குத் தடித்த நைலான் நரம்பு. பின்னல் நூல் துருப்பிடித்த தகட்டில் ஒரு தரம் உரசினால் போதும், அறுந்துவிடும். தடித்த நரம்பு கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். நரம்பின் அடியில் ஒரே ஒரு தூண்டில் முள். இரண்டு மூன்று போட்டால் ஒன்றில் மீன் இருக்கும், இன்னொன்று கப்பலைப் பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் கீழே, கை விரலால் இழுத்தாலே அறுகிற ஒரு சன்ன நரம்பில், எடைக்குண்டாகப் பழைய ஸ்பார்க் பிளக்குகள் ஐந்தாறைக் கொத்தாகக் கட்டினார்.

"இது என்ன, இவ்வளவு சன்னமா?" என்றார் பாய்லர்காரர்.

"அடியில மாட்டுறது பெரும்பாலும் குண்டுதான் மாமா. அது மாட்டினா அந்தச் சன்ன நரம்பு மட்டும் அறுந்துடும். முள்ளும் மீனும் நமக்கு மிச்சம். ஈயம் விக்கிற விலைக்கு அதை எதுக்குக் கடல்ல போடணும்? கடையில பிளக் மலையா கிடக்குது."

பாய்லர்காரருக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. ஆனாலும் அன்று இரவு படுக்கப் போகுமுன் எரிவாயு வால்வை எத்தனை முறை தொட்டார் என்பது அவருக்கே நினைவில்லை.

காலை ஆறரைக்குப் படகு கிளம்பியது. படகுக்காரருக்கு நாற்பது வயதிருக்கும், வாய் ஓயாத மனிதர். கூட வந்த இன்னொருவர் பல் டாக்டர். பல்லைத் தவிர எல்லாவற்றையும் பற்றிப் பேசினார். பாய்லர்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வலப்பக்கம் உட்கார்ந்தார், எழுந்தார், இடப்பக்கம் போனார், மோட்டாரின் எண்ணெய்க் குழாயைக் குனிந்து பார்த்தார்.

"அண்ணே, ஒரு இடத்துல உக்காருங்க. அலைக்கு மேல நீங்க ஆட்டுறீங்க," என்றார் படகுக்காரர்.

"எந்தப் பக்கம் போறோம்?"

"தெக்க இருக்கிறதுக்குப் போகலாம்னுதான் நினைச்சேன். அங்க காத்து சரியில்ல." படகுக்காரர் வழிகாட்டும் திரையில் ஒரு புள்ளியைத் தட்டினார். "சிமெண்ட் கப்பலுக்கே போயிடலாம்."

பாய்லர்காரர் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

முக்கால் மணி நேரத்தில் இடம் வந்தது. கரையில் இருந்த கட்டடங்கள் தீப்பெட்டி அளவில் தெரிந்தன. தண்ணீருக்கு மேல் எதுவுமில்லை. ஆழம் காட்டுகிற திரையில் மட்டும் தட்டையாக ஓடிக்கொண்டிருந்த தரை திடீரென்று மேடாகி எழுந்தது, முறிந்தது, மறுபடி எழுந்தது. மேட்டுக்கு மேலே அரிசியைத் தூவினாற்போல் புள்ளிகள்.

"அதெல்லாம் பொடி மீன்," என்றார் மாப்பிள்ளை. "பெருசு உள்ள ஒளிஞ்சிருக்கும்."

படகுக்காரர் படகைக் கப்பலுக்கு நேர்மேலே நிறுத்தவில்லை. நீரோட்டம் வருகிற திசையில் ஐம்பது மீட்டர் மேலேறிப் போய் மோட்டாரை அணைத்தார். இனி படகு தானாகவே மிதந்து கப்பலைக் கடக்கும். கடந்ததும் நூலை ஏற்றிவிட்டு, சுற்றிக்கொண்டு மறுபடி மேலே போக வேண்டும். ஓட்டம் வேகமாக இருக்கும்போது தூண்டில் சாய்ந்துகொண்டு போய் எல்லாவற்றிலும் மாட்டும். கடல்நீர் ஏற்றம் நின்று வற்றம் தொடங்குகிற இடைவேளையில்தான் சுகமாகப் பிடிக்கலாம். அதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"அதுவரைக்கும் கொஞ்சம் கைப்பழக்கம் பண்ணிக்குவோம்," என்றார் படகுக்காரர். பிறகு, வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிற கதையைத் தொடங்கினார். "இது எப்படி முழுகுச்சுன்னு தெரியுமா டாக்டர்? வயிறு நிறைய சிமெண்ட் மூட்டை. துறைமுகம் கண்ணுக்குத் தெரியுது. செகண்ட் இன்ஜினியர்னு ஒருத்தன், நல்லா ஏத்திக்கிட்டு வால்வை மூட மறந்துட்டுத் தூங்கிட்டான். அவன் உள்ளயும் தண்ணி, கப்பல் உள்ளயும் தண்ணி."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். மாப்பிள்ளையும் சிரித்தார். பாய்லர்காரர் ரீலின் கைப்பிடியை முன்னும் பின்னும் திருகிக்கொண்டிருந்தார்.

"மாமா, கீழ விடுங்க. குண்டு தரையைத் தொட்டதும் தெரியும். தொட்ட உடனே நாலு சுத்து மேல ஏத்திடுங்க. இழுத்துக்கிட்டே போனா மாட்டிக்கும்."

அவர் நூலை விட்டார். இருபத்திரண்டு மீட்டர். குண்டு எதையோ தொட்டு நின்றது. மணல் இப்படி இருக்காது. கல்லும் இப்படி இருக்காது. விரலில் ஒரு மெல்லிய அதிர்வு ஏறி வந்தது. இரும்பு. இருபத்தாறு வருடம் கழித்து அந்தக் கப்பலை அவர் தொட்டுக்கொண்டிருந்தார். நாலு சுற்று ஏற்ற வேண்டும் என்பது மறந்துபோயிற்று. ராடு வளைந்தது, சன்ன நரம்பு அறுந்தது, வெறும் முள் மேலே வந்தது.

"பரவால்ல மாமா, அதுக்குத்தானே பிளக்."

அடுத்த இரண்டு சுற்றில் எல்லோருக்கும் மாட்டியது. டாக்டருக்கு முள்ளே மாட்டிக்கொண்டது. நூலைக் கையில் சுற்றி இழுக்கப் போனவரைப் படகுக்காரர் தடுத்து, ஒரு கட்டைத் துண்டில் நூலைச் சுற்றிக் கொடுத்தார். "கையில சுத்தினா விரல் போயிடும். நாளைக்கு எதை வெச்சுப் பல்லைப் பிடுங்குவீங்க?" நூல் படீரென்று அறுந்தது. "எல்லாம் அந்தக் குடிகாரன் சாபம் டாக்டர். செத்தும் விட மாட்டேங்கிறான்."

"அவர் குடிக்க மாட்டார்," என்றார் பாய்லர்காரர்.

"யாரு?"

"செகண்ட். அவர் வாழ்நாள்ல ஒரு சொட்டு தொட்டதில்ல."

"உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

"நாலு வருஷம் அவர்கிட்டதான் ஆயில்மேனா இருந்தேன். இந்தக் கப்பல்ல."

படகு ஓட்டத்தில் போய்க்கொண்டே இருந்தது. திரையில் மேடு தேய்ந்து தரை தட்டையாயிற்று. யாரும் மோட்டாரைத் தொடவில்லை. மாப்பிள்ளை மாமனாரை முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அப்ப வால்வை மறந்தது யாரு?" என்று படகுக்காரர் கேட்டார். கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

இத்தனை வருடமாக யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்த கேள்வி. கேட்டபோது பதில் தானாக வந்தது. "கடல்தண்ணி எடுக்கிற குழாயில ஒரு வடிகட்டி இருக்கும். அதுல குப்பை அடைச்சுக்கிச்சு. வால்வை மூடிட்டு, வடிகட்டி மூடியைக் கழட்டி வெச்சிருந்தோம். வால்வு பழசு, கசியும். பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருக்கணும். செகண்டை கேப்டன் கூப்பிட்டாரு. 'நீ பாத்துக்கோ'ன்னு சொல்லிட்டு மேல போனாரு. நானும் பின்னாடியே போயிட்டேன்."

"எதுக்கு?"

"பசிச்சுது. சமையல்கட்டுல ரொட்டி சுட்ட வாசனை வந்துச்சு. பத்து நிமிஷம்தான். திரும்பி வந்தா முழங்கால் தண்ணி. கழட்டி வெச்ச மூடி எங்க போச்சுன்னே தெரியல." அவர் ராடைப் பார்த்தபடியே சொன்னார். "பதினோரு பேரும் பொழச்சோம். விசாரணையில யார் கீழ இருந்ததுன்னு கேட்டாங்க. செகண்ட் எந்திரிச்சு, பொறுப்பு என்னுதுன்னாரு. அவர் சர்டிபிகேட்டைப் பிடுங்கிட்டாங்க. நான் பின் பெஞ்சுல உக்காந்திருந்தேன். வாயைத் திறக்கல."

மாப்பிள்ளை மாமனாரின் தூண்டிலை வாங்கிப் புதிதாக ஒரு பிளக் கொத்தைக் கட்டத் தொடங்கினார். முடிச்சு இரண்டு தரம் நழுவியது. கடையில் எத்தனையோ நட்டு போல்ட்டைக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவர்.

"நான் பாட்டுக்கு வருஷக்கணக்கா அந்தாளைக் குடிகாரன் ஆக்கிட்டேனே," என்றார் படகுக்காரர். மோட்டாரைக் கிளப்பிச் சுற்றிக்கொண்டு மேலே போனார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. உள்ள எது எங்க இருக்குன்னு ஞாபகம் இருக்கா?" என்றார்.

பாய்லர்காரருக்குச் சிரிப்பு வந்தது. இருபத்தாறு வருடத்தில் அந்தக் கப்பலை நினைத்து வந்த முதல் சிரிப்பு. "எப்படிப் படுத்திருக்கு?"

"முங்கிப் பாத்த ஒரு பையன் இடப்பக்கம்னு சொன்னான்."

"அப்ப நீங்க நடுவுல விட்டுக்கிட்டு இருக்கீங்க. அங்கதான் சரக்கு தூக்குற கம்பமும் கம்பிவடமும். மாட்டாம என்ன செய்யும்? அடிவயிறெல்லாம் சிமெண்ட் இறுகிக் கல்லாகியிருக்கும், அங்க மீனுக்குப் பொந்து கிடையாது. பின்பக்கம் போங்க. இன்ஜின் அறைக்கு மேல காத்துக்காக ஒரு பெரிய திறப்பு இருக்கும், கதவு கதவா. இடப்பக்கம் படுத்திருந்தா அது இப்ப அந்தப் பக்கத்தைப் பாத்துக்கிட்டு இருக்கணும். அதுக்கு வெளிய, மணல்ல விடுங்க."

ஓட்டம் தணிந்துவிட்டது. நூல்கள் நேராக இறங்கின. இரண்டாம் முறை கடக்கும்போது பாய்லர்காரரின் ராடு தண்ணீரைத் தொடுமளவு வளைந்தது.

"விடாதீங்க மாமா, சுத்துங்க, முதல் பத்து சுத்துதான் கணக்கு. நூல் கொடுத்தா உள்ள ஓடிடும்."

அவர் சுற்றினார். வால்வு திருகிய கை, பலத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஆறாவது சுற்றில் மீன் ஒரு குத்துக் குத்தித் திரும்பியது. பிறகு அசைவில்லை. பாறையில் கட்டிய மாதிரி.

"உள்ள பூந்துடுச்சு. களவா மீன்தான். செவுளை விரிச்சு அடைச்சுக்கிட்டு நிக்கும்," என்றார் மாப்பிள்ளை. "இழுக்காதீங்க. நூலைத் தளர விட்டுட்டு சும்மா இருக்கணும். ஆள் போயாச்சுன்னு நினைச்சு அதுவா வெளிய வரும்."

"எவ்வளவு நேரம்?"

"அஞ்சு நிமிஷம். பத்து நிமிஷம்கூட ஆகும்."

பாய்லர்காரர் நூலைத் தளர்த்தினார். அந்தத் திறப்புக்குள் இரும்பு ஏணி ஒன்று இருந்தது, பதினெட்டுப் படி. அதில்தான் ரொட்டி வாசனையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். இப்போது அங்கே ஒரு மீன் செவுளை விரித்துக்கொண்டு நிற்கிறது, அதன் வாயில் அவருடைய முள். அரை நிமிடத்தில் தன்னையறியாமல் நூலை ஒரு சுற்று இழுத்துப் பார்த்தார்.

"மாமா."

"என்னால சும்மா இருக்க முடியல மாப்பிள்ளை. நீங்க பிடிங்க."

மாப்பிள்ளை ராடை வாங்கினார். கண்ணை நூல் நுனியில் வைத்துக்கொண்டு சிலைபோல் நின்றார். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். நாலு நிமிடம், ஆறு நிமிடம். பாய்லர்காரர் படகின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக மூன்றடி நடந்து மூன்றடி திரும்பினார். எட்டாவது நிமிடத்தில் தளர்ந்து கிடந்த நூல் மெல்ல நகர்ந்தது. மாப்பிள்ளை இன்னும் இரண்டு மூச்சு பொறுத்தார், பிறகு ஒரே தூக்கு. மேலே வந்த களவா பழுப்பும் கறுப்புமாக ஒரு தலையணை அளவு இருந்தது. உதட்டோரத்தில் துரு ஒட்டியிருந்தது.

இடைவேளை முடிவதற்குள் இன்னும் மூன்று கிடைத்தன. கரைக்குத் திரும்பினார்கள். இறங்குகிற இடத்தில் மாப்பிள்ளை மெதுவாக, "அத்தைக்குத் தெரியுமா மாமா?" என்றார்.

"கப்பல் முழுகினது தெரியும். இது தெரியாது."

"சொல்லிடுங்க. நான் சொல்ல மாட்டேன். ஆனா மனசுல வெச்சுக்கிட்டு அவங்க முன்னாடி உக்காந்து என்னால சாப்பிட முடியாது."

மனைவி சமையலறையில் மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார். அவள் கத்தியை நிறுத்தாமல் கேட்டாள். முடித்ததும் கையைக் கழுவினாள்.

"கல்யாணமாகி ரெண்டாம் வருஷத்துலேர்ந்து நீங்க எதையோ மறைக்கிறீங்கன்னு தெரியும். வேற எவளோ இருக்காள்னு நினைச்சு நான் எத்தனை நாள் உங்க சட்டைப் பையைத் துழாவியிருக்கேன் தெரியுமா?" என்றாள். "பசிச்சு ரொட்டி தின்னப் போனதுக்கா இவ்வளவும்?" சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். குரல் இறங்கியது. "அந்த மனுஷன் இருக்காரா?"

இருக்கிறாரா என்று அவர் ஒருபோதும் விசாரித்ததில்லை. பழைய கப்பல் சமையல்காரரின் எண் மட்டும் இருந்தது. அவரிடம் எல்லோருடைய எண்ணும் இருந்தது. செகண்ட் உயிரோடு இருந்தார். பஸ்ஸில் ஐந்து மணி நேரம் போகிற ஊரில் தண்ணீர் மோட்டாருக்குத் தாமிரக் கம்பிச் சுருள் கட்டுகிற கடை வைத்திருந்தார்.

மறு செவ்வாய்க்கிழமை பாய்லர்காரர் அந்தக் கடை முன் போய் நின்றார். தெருமுனைவரை வந்து இரண்டு முறை திரும்பிப் போய்விட்டு மூன்றாம் முறை வந்திருந்தார். ஒரு ஆள் அகலக் கடை. உள்ளே வார்னிஷ் வாசனை. பிரித்துப் போட்ட மோட்டார்களுக்கு நடுவில், எழுபது வயதுக்காரர் ஒருவர் தாமிரக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றிக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்தார்.

"எண்ணிக்கை விட்டுப்போச்சு உன்னால," என்றார் செகண்ட். "உள்ள வா. நரைச்சுட்டியே."

பாய்லர்காரர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ரொட்டி, பத்து நிமிடம், பின் பெஞ்சு, கப்பல் மேல் தூண்டில் போட்டது. செகண்ட் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் கையிலிருந்த கம்பியை ஒரு ஆணியில் மாட்டினார்.

"நான் வால்வை முழுசா மூடலடா."

"என்ன சொல்றீங்க?"

"அது இறுகிக்கும். முழுசா மூடினா திறக்க ஒரு மணி நேரம் போராடணும். துறைமுகம் வேற பக்கத்துல வந்துடுச்சு. சீக்கிரம் வேலை முடியட்டும்னு ரெண்டு சுத்து பாக்கி வெச்சேன். விசாரணையில நான் சொன்னது நிஜம். நான் முழுசா மூடாததை நீ பக்கத்துல இருந்து பாத்திருப்பேன்னு நினைச்சேன். என்னைக் காட்டிக்கொடுக்காம வாயை மூடிக்கிட்டியேன்னு இத்தனை வருஷமா உன்னை நன்றியோட நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

பாய்லர்காரர் ஒரு மோட்டார் கூட்டின் மேல் உட்கார்ந்தார். "நான் அங்கயே இருந்திருந்தா தண்ணி ஏறுறதைப் பாத்திருப்பேன்."

"பாத்திருப்பே. அதுவும் நிஜம்தான்."

அவர் செகண்டின் முகத்தையே பார்த்தார். இந்த மனிதர் உண்மையைச் சொல்கிறாரா, அன்று எழுந்து நின்றாற்போல் இன்றும் ஒரு தரம் எழுந்து நிற்கிறாரா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கேட்டாலும் இதையேதான் சொல்வார். கேட்காமலும் இருக்க முடியவில்லை. வாயெடுத்தார். அதற்குள் செகண்ட் முந்திக்கொண்டார்.

"இப்ப எப்படிக் கிடக்கு? அது மேல தூண்டில் போட்டேன்னு சொன்னியே."

"இடப்பக்கம் சாஞ்சு கிடக்காம். பின்பக்கத் திறப்புல களவா இருக்கு. நாலு பிடிச்சோம்."

"இடப்பக்கமா? யார் சொன்னது? முழுகுறப்போ வலப்பக்கம்தானே சாஞ்சுது. உயிர்காக்கிற படகுல உக்காந்து ரெண்டு பேரும்தானே பாத்தோம்."

"முங்கிப் பாத்த பையன் சொன்னானாம்."

"அவனுக்கு முன்னு எது பின்னு எதுன்னு தெரியுமா?" செகண்ட் ஒரு பழைய ரசீதைத் திருப்பி, காதிலிருந்து பென்சிலை எடுத்து, கப்பலை வரையத் தொடங்கினார். புகைபோக்கி, கம்பம், திறப்பு. கோடு நடுங்கினாலும் அளவு தப்பவில்லை.

"அந்தத் திறப்பு இவ்வளவு முன்னாடி இல்ல," என்றார் பாய்லர்காரர்.

"அங்கதான் இருந்துச்சு."

"இல்ல செகண்ட். ஏணியிலேர்ந்து சமையல்கட்டு ஏழு எட்டு எடுத்து வெச்சா வந்துடும். எனக்குத் தெரியாதா?"

செகண்ட் அவரை நிமிர்ந்து பார்த்தார். ரப்பரைத் தேடி எடுத்துத் திறப்பை அழித்தார். "சரி, நீயே போடு."

பாய்லர்காரர் பென்சிலை வாங்கினார். சட்டைப் பையில் போன் அடித்தது. மனைவி. "என்னங்க, பஸ் ஏறிட்டீங்களா?"

"இல்ல," என்றார் அவர். "அடுத்த பஸ்ஸுக்கு வர்றேன். இல்லன்னா அதுக்கு அடுத்ததுல."